இரண்டு கைகளின் கணக்கு

மசாஜ் என்ற சொல் எங்கள் ஊரில் நல்ல பெயர் எடுக்கவில்லை. அருப்புக்கோட்டையில் யாரிடமாவது அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். எதிரே இருப்பவர் முதலில் சுற்றுமுற்றும் பார்ப்பார், அப்புறம் ஒரு மாதிரிச் சிரிப்பார். செய்தித்தாளில் அந்தச் சொல் வருவதும் பெரும்பாலும் போலீஸ் சோதனைச் செய்தியில்தான். ஆனால் அதே ஊரில் பிள்ளை பெற்றவளுக்கு எண்ணெய் தேய்த்துவிட ஆள் தேடி நாலு தெரு அலைவார்கள். தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து தோள் இறுகிப்போன பெண்கள், "யாராச்சும் கொஞ்சம் பிடிச்சு விட்டாத் தேவலை" என்று வாரம் ஒரு தடவையாவது சொல்வார்கள். வேலை வேண்டும், வேலையின் பெயர்தான் வேண்டாம். இதற்கு நடுவே ஒரு பெண் தொழில் வைத்துப் பிழைக்க முடியுமா என்பதை மூன்று வருஷமாகப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். சின்னதாகத் தொழில் தொடங்க நினைக்கும் யாருக்காவது உதவும் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

அவள் என் மனைவியின் தங்கை மகள். என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுவாள். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் 'எங்கள் பிள்ளை' என்றே எழுதுகிறேன். மதுரையில் ஒரு சித்த மருத்துவரிடம் ஆறு வருஷம் உதவியாளராக இருந்தவள். ஒத்தடம், பற்று, எண்ணெய் தேய்ப்பு எல்லாம் அங்கே கற்றுக்கொண்டது. போக வர நாளுக்கு 100 கிலோமீட்டர் பஸ். வீட்டுக்காரர் விசைத்தறியில் கூலி. நூல் விலை ஏறும்போதெல்லாம் தறி நிற்கும், தறி நின்றால் கூலி நிற்கும். மகள் பத்தாம் வகுப்புக்கு வந்த வருஷம் இவள் பஸ்ஸை விட்டுவிட்டு ஊரிலேயே ஏதாவது செய்வது என்று முடிவு செய்தாள். 2023 தை மாதம் திருச்சுழி ரோட்டுப் பக்கம் ஒரு வீட்டின் முன் அறையை வாடகைக்குப் பிடித்தாள். முத்ரா திட்டத்தில் சிசு என்ற பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் தருவார்கள். அதை வாங்கி, தச்சரிடம் சொல்லி வேப்ப மரத்தில் ஒரு நீளப் பலகை செய்தாள். துண்டுகள், வெந்நீர் வைக்கும் ஹீட்டர், ஒரு திரை. மொத்த முதலீடு அவ்வளவுதான்.

எனக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நான் பாண்டிச்சேரியில் பிறந்து பிரெஞ்சு வழியில் படித்தவன், அங்கேயே அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்று, மனைவியின் ஊரான இந்தக் கரிசல் காட்டுக்கு வந்து சேர்ந்தவன் என்பது பழைய பதிவுகளைப் படித்தவர்களுக்குத் தெரியும். மசாஜ் என்பது பிரெஞ்சுச் சொல். அது அரபிலிருந்து வந்தது என்பார்கள் சிலர். மாவு பிசைவதைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல், இந்தியாவில் இருந்த பிரெஞ்சுக்காரர்கள் வாயில் புகுந்து அப்படி ஆனது என்பார்கள் வேறு சிலர். இரண்டாவது கதை உண்மையானால் அந்தச் சொல்லுக்கும் எங்கள் ஊர்ப்பக்கத்துக்கும் ஒரு உறவு இருக்கிறது.

சொல் மட்டுமா? இன்று உலகம் முழுவதும் மசாஜ் கற்பவர்கள் அதன் வகைகளைப் பிரெஞ்சில்தான் சொல்கிறார்கள். எஃப்லராஜ் என்றால் மேலாக வருடுவது. பெத்ரிஸாஜ் என்றால் பிசைவது. ரொட்டிக்கு மாவு பிசைவதற்கும் அதே வினைதான். தப்போத்மான் என்றால் தட்டுவது. இந்தப் பெயர்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்கள் 19ஆம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாமில் இருந்த யோஹான் மெட்ஸ்கர் என்ற மருத்துவரும் அவர் வழி வந்தவர்களும். இதை எங்கள் பிள்ளையிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் அலட்டிக்கொள்ளவில்லை. "எங்களுக்கு ஒம்பது இருக்கு பெரியப்பா" என்று விரல் விட்டாள். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல். சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் தொக்கணம் ஒன்று, அதற்குள் இந்த ஒன்பது. பிரெஞ்சு அன்று என் வீட்டுத் திண்ணையில் தோற்றது.

தொழிலுக்கு வருகிறேன். முதல் சோதனை போர்டில் வந்தது. போர்டு எழுதுபவர், தானாகவே 'மசாஜ் சென்டர்' என்று பெரிதாகப் போட்டு, கீழே ஒரு வெள்ளைக்காரப் பெண் பூ வைத்துக்கொண்டு படுத்திருப்பது போலப் படமும் ஒட்டிக் கொடுத்துவிட்டார். மாட்டிய மூன்றாம் நாள் வீட்டுக்காரர் வந்து நின்றார். "இந்த மாசத்தோட காலி பண்ணிருங்கம்மா. பொம்பளப் புள்ளைங்க இருக்கிற வீடு." அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தப் படத்தைப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வரும். எங்கள் பிள்ளை அன்று ராத்திரி எங்கள் வீட்டுக்கு வந்தவள் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. "நாளைக்கு எம்மகளப் பள்ளிக்கூடத்துல என்னன்னு கேப்பாங்க?" என்று மட்டும் கேட்டாள். வாடகை முன்பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். அந்தக் கேள்விக்கு ஈடு செய்ய முடியாது.

மறுநாள் போர்டை இறக்கினோம். புதிதாக என்ன எழுதுவது என்பதில் ஒரு வாரம் போயிற்று. 'தொக்கணம்' என்று எழுதினால் பத்தில் ஒருவருக்குக்கூடப் புரியாது. 'உடம்புப் பிடிப்பு' என்று எழுதினால் அது நோயின் பெயராகிவிடும். கடைசியில், ஜனங்கள் வாயில் என்ன வருகிறதோ அதையே எழுதினோம்:

'பெண்களுக்கு மட்டும். எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்து விடப்படும். செய்பவரும் பெண். பிள்ளை பெற்றவர்களுக்கும் வயதானவர்களுக்கும் வீட்டுக்கு வந்து செய்யப்படும். காலை 10 முதல் மாலை 5 வரை.'

படம் கிடையாது. வெள்ளைப் பலகை, நீல எழுத்து. பஞ்சாயத்து அலுவலக போர்டு போல இருக்கிறது என்று என் மனைவி கேலி செய்தாள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் எழுதினேன். பார்க்கிறவருக்கு அங்கே மறைப்பதற்கு ஒன்றும் இல்லை என்று முதல் பார்வையிலேயே தெரிய வேண்டும்.

இன்னொன்றும் செய்தாள். வீட்டுக்காரரின் தாயாரைக் கூப்பிட்டு முதல் ஆளாகப் பலகையில் உட்கார வைத்தாள். நாற்பது வருஷம் குழித்தறியில் நெய்த அம்மா. நாடாவை இழுத்து இழுத்து வலது தோள், மிதி மிதித்து மிதித்து இடுப்பு, இரண்டும் கல்லாகிக் கிடந்தன. காசு வாங்கவில்லை. இரண்டாவது வாரமும் கூப்பிட்டாள். அதற்குப் பிறகு வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லி வரவில்லை. அந்த அம்மாவே திண்ணையில் உட்கார்ந்து போகிற வருகிற பெண்களிடம் பேச ஆரம்பித்தார். ஊரின் சந்தேகம் எங்கே ஆரம்பித்ததோ, அந்தத் திண்ணையிலேயே அது தீரவும் ஆரம்பித்தது.

இதே சமயத்தில் இன்னொரு பேச்சும் கிளம்பியது. பாதுகாப்புக்கு அறைக்குள் ஒரு கேமரா மாட்டிவிடு என்று ஒரு உறவினர் சொன்னார். 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி ஸ்பாக்களிலும் மசாஜ் நிலையங்களிலும் கண்காணிப்புக் கேமரா வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டதும், அடுத்த மாதமே மதுரைக் கிளையில் வேறொரு நீதிபதி அப்படி வைப்பது அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்று கருத்துச் சொன்னதும் செய்தித்தாளில் படித்திருந்தேன். எங்கள் பிள்ளை சட்டத்துக்கெல்லாம் போகவில்லை. "கேமரா இருக்கிற ரூம்ல எந்தப் பொம்பள ரவிக்கைய அவுப்பா?" என்றாள். பேச்சு அதோடு முடிந்தது. அறைக்குள் அவளும் வந்தவரும் மட்டும். வெளியே பெஞ்சில் துணைக்கு வந்தவர் உட்காரலாம், கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டு. இந்த இரண்டையும் வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவாள்.

அடுத்தது நோட்டீஸ். அச்சகத்தில் ஒரு மாதிரி எழுதிக் கொடுத்தார்கள்: 'பக்கவாதம், மூட்டுவாதம், சர்க்கரை, உடல் பருமன் அனைத்தும் முழுமையாகக் குணமாகும்.' எல்லாருக்கும் இப்படித்தான் போடுகிறோம் சார், போட்டால்தான் கூட்டம் வரும் என்றார்கள். கையில் வாங்கியதும் எனக்குள் இருந்த எழுத்தர் விழித்துக்கொண்டார். மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் என்று ஒன்று 1954 முதல் இருக்கிறது. அதன் அட்டவணையில் ஐம்பதுக்கு மேற்பட்ட நோய்களின் பெயர்கள் உண்டு. அவற்றைக் குணமாக்கும் என்று சொல்லி எந்த மருந்தையும் விளம்பரம் செய்யக் கூடாது. பக்கவாதம், வாத நோய், சர்க்கரை, உடல் பருமன் எல்லாமே அந்தப் பட்டியலில் இருக்கின்றன. முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தேய்க்கிற எண்ணெயைக் காட்டிக் குணமாக்குவேன் என்று நோட்டீஸ் போட்டால் அந்தச் சட்டத்தின் வாயில் தலையைக் கொடுத்தது போல.

சட்டம் ஒரு பக்கம். அவள் சொன்ன காரணம் அதைவிட நேரானது. "பக்கவாதம் வந்தவுக எங்கிட்ட வந்து மூணு மாசம் காசக் கொட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகாம இருந்தா, அந்தப் பாவம் யாருக்கு?" நோட்டீஸில் 'உடம்பு அசதி, தோள் இறுக்கம், இடுப்பு வலிக்கு இதமாக இருக்கும். வைத்தியம் அல்ல' என்று போட்டோம். அச்சகத்துக்காரர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன்.

பாரிஸில் இருக்கும் என் பள்ளித் தோழனிடம் இதைத் தொலைபேசியில் சொன்னபோது அவன் ஆச்சரியப்படவில்லை. அங்கே 1946 ஏப்ரலில் வந்த சட்டப்படி மசாஜும் உடற்பயிற்சி மருத்துவமும் சேர்ந்து ஒரே தொழில், பட்டயம் பெற்றவர்தான் செய்யலாம். சுருக்கமாக 'கினே' என்பார்கள். அவர்கள் தொழிலை வியாபாரம் போல நடத்தக் கூடாது, விளம்பரமே செய்யக் கூடாது என்ற விதி 2020 டிசம்பர் வரை இருந்தது. வாசலில் பெயரும் நேரமும் எழுதிய ஒரு சின்னத் தகடு, அவ்வளவுதான். முழங்கால் அறுவைக்குப் பிறகு அவன் மாதக்கணக்கில் போய் வந்தது அப்படிப்பட்ட ஒரு தகட்டுக்குப் பின்னால்தான். மருத்துவர் எழுதிக் கொடுப்பார், பக்கத்து வீட்டுக்காரர் பெயர் சொல்வார், கூட்டம் தானாக இருக்கும் என்றான். நம் ஊரில் எழுதிக் கொடுக்க ஆள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் உண்டு.

அந்தப் பக்கத்து வீடுகளைக் கணக்கெடுக்கத்தான் என் பதிவேடு. நீளமான கணக்கு நோட்டில் கோடு போட்டுக் கொடுத்தேன். தேதி, பெயர், எங்கே வலி, வேறு நோய் அல்லது அறுவை உண்டா, எந்த எண்ணெய், எவ்வளவு நேரம், ரூபாய், கடைசியாக 'யார் சொல்லி வந்தீர்கள்?' நோட்டு பூட்டிய மரப்பெட்டியில் இருக்கும். ஒருத்தி வலியை இன்னொருத்தியிடம் சொல்லக் கூடாது என்பது எழுதப்படாத விதி.

ஆறு மாதம் கழித்துக் கூட்டிப் பார்த்தேன். மொத்தம் 63 பெண்கள். ஏற்கனவே வந்து போனவர் சொல்லி வந்தவர்கள் 41. ஒரு தையல்கார அம்மா சொல்லி வந்தவர்கள் 9. பிரசவம் பார்த்த நர்ஸ் சொல்லி 6. போர்டு பார்த்து 5. ஆயிரம் நோட்டீஸ் அடித்து வீடு வீடாகப் போட்டதற்கு வந்தவர்கள் 2. அதற்குப் பிறகு நோட்டீஸ் அடிக்கவில்லை.

தையல்கார அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் பெண்கள் தங்கள் உடம்பைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசுகிற இடம் தையல் கடை. கை தூக்கினால் தோள் வலிக்கிறது, கொக்கியை முன்பக்கம் வை என்று அங்கேதான் சொல்வார்கள். நாள் முழுக்க மெஷினில் குனிந்திருப்பதால் அந்த அம்மாவுக்கே கழுத்து வலி. ஆள் ஒன்றுக்கு 50 ரூபாய் கமிஷன் தரலாமா என்று எங்கள் பிள்ளை கேட்டபோது அவர் வேண்டாம் என்றார். காசு வாங்கினால் அப்புறம் நான் சொல்வதை யார் நம்புவார்கள் என்றாராம். மாதம் ஒரு தடவை அவருக்குக் கழுத்தும் தோளும் இலவசம். அந்த ஏற்பாடு இன்றுவரை நடக்கிறது.

ஃபோன் ஒரு பெரிய தொல்லையாக இருந்தது. முதல் போர்டில் நம்பர் இருந்ததால் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆண்கள் கூப்பிட்டார்கள். பேசுகிற தினுசை எழுத முடியாது. அவள் ஃபோனையே பார்க்கப் பயந்த நாட்கள் உண்டு. தொழிலுக்குத் தனி சிம் வாங்கி அதை என் மனைவி கையில் கொடுத்தோம். எழுபதைத் தொட்ட பெரியம்மாவின் குரல், "யாருப்பா அது, எந்த ஊரு, யாரு மகன்?" என்று கேட்டதும் பாதிப்பேர் தாங்களே வைத்துவிடுவார்கள். மாலை ஆறு மணிக்கு அந்த ஃபோன் அணைந்துவிடும். புது போர்டில் நம்பர் இல்லை. வந்து போகிறவர்களிடம் சின்ன அட்டை ஒன்று கையில் கொடுப்போம், நம்பர் அதில் மட்டும்.

நாள் கிழமையும் தொழிலில் சேர்த்தி என்று நான் தெரிந்துகொண்டது இங்கேதான். நம் பக்கத்தில் பெண்களுக்கு எண்ணெய்க் குளியல் செவ்வாயும் வெள்ளியும். அந்த இரண்டு நாளும் மூச்சு விட நேரமிருக்காது. புதனும் வியாழனும் ஈ ஓட்டுவாள். அந்த நாட்களை வீட்டுக்குப் போய்ச் செய்கிற வேலைக்கு ஒதுக்கினாள். பிள்ளை பெற்றவர்களும் படுத்த படுக்கையாக இருக்கும் மூதாட்டிகளும் கிழமை பார்ப்பதில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னால் தறி ஓயாது. பண்டிகை முடிந்த மறுவாரம்தான் நெசவுப் பெண்களுக்கு உடம்பு வலிக்கவே நேரம் கிடைக்கும். சுற்றுக் கிராமங்களில் கார்த்திகையில் களையெடுத்து இடுப்பு ஒடிந்தவர்கள், அறுப்பு முடிந்து கையில் காசு வந்த பிறகு மாசியில் வருவார்கள். பதிவேட்டில் இரண்டு வருஷத்தைப் புரட்டினால் இது அப்படியே தெரிகிறது. மந்தமான மாதத்தில் விலையைக் குறைக்க வேண்டுமோ என்ற பயம் அதனால் போயிற்று.

தண்ணீர் இன்னொரு கணக்கு. குழாயில் நாள் கணக்கில் இடைவெளி விட்டுத் தண்ணீர் வரும் ஊர் இது. எண்ணெய் தேய்த்தால் குளிக்க வேண்டும், குளித்தால் இரண்டு குடமாவது வேண்டும். அதனால் வெந்நீரில் பிழிந்த துண்டால் துடைத்து, பயத்தமாவு போட்டு எண்ணெயை எடுத்துவிடுவாள். வீட்டுக்குப் போய்க் குளித்துக்கொள்ளலாம். அதற்காகவே செவ்வாய், வெள்ளியில் வருகிறார்கள்.

இனி விலை. முழு உடம்புக்கு ஒரு மணி நேரம் 400 ரூபாய். தோள், கழுத்து மட்டும் அரை மணி நேரம் 200. ஆரம்பத்தில் கூட்டம் இல்லாதபோது 250 ஆக்கு என்று சொல்லாத ஆள் இல்லை. நான் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு பெண்ணின் இரண்டு கைகள் ஒரு நாளைக்கு நான்கு முழு உடம்புக்கு மேல் தாங்காது, தாங்கினால் கட்டை விரல் போய்விடும். மாதம் 24 நாள், 96 பேர், 400 வீதம் 38,400. வாடகை, எண்ணெய், துண்டு துவைப்பு, கரண்ட், கடன் தவணை எல்லாம் அதற்குள். இடமே இல்லாமல் கூட்டம் வந்தாலும் அந்த இரண்டு கைகளிலிருந்து அதற்கு மேல் ஒரு ரூபாய் வராது. 250க்கு இறக்கினால் அதே கை வலிக்கு 24,000தான். ஜவுளிக்கடைக்காரர் விலை குறைத்துக் கூடுதலாக விற்கலாம். கைத்தொழிலில் விற்கிற சரக்கு நம் கையேதான்.

ஐந்து தடவைக்கு முன்பணம் வாங்கிச் சலுகை கொடுக்கலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. முன்பணம் கடன்தானே. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் அந்தக் கடன் எழுந்து நிற்கும். வேண்டாம் என்று விட்டோம். அரசாங்கத்தின் உத்யம் பதிவு மட்டும் செய்துகொண்டாள். பிரவுசிங் சென்டரில் 500 ரூபாய் கேட்டார்கள். அரசு தளத்தில் அதற்குக் கட்டணமே கிடையாது, நானே உட்கார்ந்து போட்டுக் கொடுத்தேன். ஜிஎஸ்டிக்குப் பயந்தாள். சேவைத் தொழிலுக்கு வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் அந்தப் பதிவு. உன் கைகள் நான்கு பிறவி எடுத்தால் பார்க்கலாம் என்றேன்.

சூத்திரகரின் மிருச்சகடிகம் நாடகத்தைப் பண்டிதமணி கதிரேசச் செட்டியார் 'மண்ணியல் சிறுதேர்' என்று தமிழாக்கியிருக்கிறார். அதில் உடம்பு பிடித்துவிடும் தொழிலாளி ஒருவன் வருகிறான். பாடலிபுத்திரத்திலிருந்து உஜ்ஜயினிக்கு வந்து சாருதத்தன் என்ற ஒரே பிரபுவிடம் வேலை பார்க்கிறான். பிரபு ஏழையானதும் இவனுக்கும் பிழைப்பு போய், சூதாட்டத்தில் இறங்கிக் கடன்காரனாகிறான். அந்தக் கதையை அவளுக்குச் சொன்னதற்குக் காரணம் உண்டு. வசதியான ஒரு வீட்டில் தினமும் தங்கள் மாமியாருக்கு மட்டும் வந்து செய்யும்படி மாதம் 15,000 பேசினார்கள். கடன் தவணை நெருக்கிய நேரம். கதையை முழுக்கக் கேட்டவள், "சூது ஆடுறதுக்கு எனக்கு ஏது நேரம்" என்று சிரித்தாள். அந்த வீட்டுக்கு வாரம் இரண்டு தடவை மட்டும் வருகிறேன் என்று பதில் சொன்னாள்.

பெரிய திருப்பம் வந்தது அவள் செய்யாமல் விட்ட ஒரு வேலையால். கர்ப்பப்பை அறுவை முடிந்து மூன்று வாரமான ஒரு பெண்ணைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டாலே வலித்தது. நரம்பு சுண்டியிருக்கிறது, நன்றாக அழுத்திப் பிடி என்றார்கள். இவள் கையை வைக்கவில்லை. ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருந்தாலும் இப்படித்தான் இருக்கும், அழுத்தினால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடும் என்று மதுரையில் கற்றுக்கொண்டது நினைவிருந்தது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றாள். வந்தவர்கள் கோபப்பட்டார்கள். காசு வாங்கத் தெரியாதவள் என்றும் சொன்னார்கள். இவள் ஆட்டோவைக் கூப்பிட்டு ஏற்றிவிட்டாள். ரத்தம் உறைந்துதான் இருந்தது. ஒரு மாதம் கழித்து அந்தப் பெண் நடந்து வந்து, வாசலில் நின்று, ஒன்றும் பேசாமல் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

அந்த மாதம் பதிவேட்டின் கடைசிப் பத்தியில் அந்தத் தெருவின் பெயர் பதினோரு தடவை வருகிறது. அதற்குப் பிறகு சுவரில் ஒரு தாள் ஒட்டினோம். காய்ச்சல், புது எலும்பு முறிவு, ஒரு கால் மட்டும் வீக்கம், நெஞ்சு வலி, கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம் இருந்தால் செய்யப்படாது, மருத்துவரைப் பார்க்கவும் என்று. தொழிலைக் குறைக்கிற தாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். வருகிறவர்கள் அதைத்தான் முதலில் படிக்கிறார்கள், படித்துவிட்டு நிம்மதியாகப் பலகையில் படுக்கிறார்கள்.

கைகளின் கணக்கு 96ஐத் தொட்டது இரண்டாவது வருஷத்தில். அதற்கு மேல் வளர ஒரே வழி இன்னும் இரண்டு கைகள். மில் வேலை போன ஒரு இளம் பெண்ணைச் சேர்த்து மூன்று மாதம் சம்பளத்தோடு பழக்கினாள். 'எங்களுக்கு அக்கா கைதான் வேணும்' என்று வந்தவர்கள் பிடிவாதம் பிடித்தார்கள். அதனால் முதல் தடவை இரண்டு பேரும் சேர்ந்து செய்தார்கள், இவள் தோள், அவள் கால். அடுத்த தடவை மாற்றிக்கொண்டார்கள். மூன்றாவது தடவை வந்தவரே, "அந்தப் பிள்ளை கை நல்லாத்தான் இருக்கு" என்றார். 400இல் செய்பவளுக்கு 200, எண்ணெய்க்கும் துண்டுக்கும் 60, மீதி 140 இடத்துக்கு. அந்தப் பெண் நாளைக்கு மூன்று பேர் பார்த்தால் மாதம் 10,080 மிச்சம். எங்கள் பிள்ளையின் மகள் இந்த வருஷம் கல்லூரியில் சேர்ந்தபோது கட்டிய பணம் இந்த 140களில் சேர்ந்தது. விண்ணப்பத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் அந்தப் பெண் தன் கையாலேயே 'சொந்தத் தொழில், எண்ணெய் தேய்ப்பு நிலையம்' என்று எழுதியிருந்தாள்.

போன மாதம் அந்த உதவிப் பெண், தன் ஊர்ப் பக்கம் திருச்சுழியில் தனியாக வைக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறாள். வேலை கற்றுக்கொண்டு போய்விடுவார்கள் என்று முதலிலேயே எச்சரித்தவர்கள் எல்லாரும் பார்த்தாயா என்றார்கள். நானும் கொஞ்சம் கவலைப்பட்டேன், மாதம் 10,080 போகிறதே என்று. எங்கள் பிள்ளை துண்டை மடித்துக்கொண்டே சொன்னாள்: "போகட்டும் பெரியப்பா. இந்தக் கரிசக்காட்டுல தோள் வலிக்காத பொம்பள யாரு இருக்கா? திருச்சுழிக்காரங்க இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வர்றது மிச்சம். நீங்க அவளுக்கும் ஒரு நோட்டுல கோடு போட்டுக் குடுங்க."

கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன். கடைசிப் பத்தியைக் கொஞ்சம் அகலமாகவே விட்டிருக்கிறேன்.